போல்ட் தலையில் இருக்கும் 8.8 எடை இல்லை... அழுத்தத்தையும் எடையையும் பிரித்துக் காட்டிய பாஸ்கலின் கதை!

போன மாசம் பால்கனியில் ஒரு ஊஞ்சல் மாட்டலாம்னு ஹார்ட்வேர் கடைக்குப் போயிருந்தேன். கடை அண்ணன் ரெண்டு போல்ட்டை எடுத்து மேஜை மேல வச்சார். ஒண்ணு விரல் தடிமன், 16 மி.மீ. அதன் தலையில் 4.6 என்று இருந்தது. இன்னொன்று ஒல்லி, 10 மி.மீ. அதில் 8.8. பக்கத்தில் நின்ற ஒருவர், 8.8 போட்டிருந்தா 8.8 டன் தாங்கும்னு அர்த்தம் தம்பி என்கிற மாதிரி விளக்கினார். நானும் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்த எண் எடையே கிடையாது. அதே 8.8 சின்ன போல்ட்டிலும் இருக்கும், மணிக்கட்டு தடிமன் போல்ட்டிலும் இருக்கும். அது மெகா பாஸ்கல் என்ற அலகில் சொல்லப்படும் கணக்கின் சுருக்கம். அந்த அலகுக்குப் பெயர் தந்தவர் 39 வயதிலேயே இறந்துபோன ஒரு பிரெஞ்சுக்காரர். எடை வேறு, அழுத்தம் வேறு என்று உலகத்துக்குப் புரியவைக்க அவர் பட்ட பாடு ஒரு தனிக்கதை.

கணக்கு படிக்கக் கூடாது!

ப்ளேஸ் பாஸ்கல் பிறந்தது 1623 ஜூன் 19, பிரான்ஸின் மலைப்பகுதியான ஓவேர்ன்யில் உள்ள க்ளெர்மோன் ஊரில். மூன்று வயதில் அம்மா இறந்துவிட்டார். அப்பா எத்தியேன் வரித்துறை அதிகாரி, கணிதத்தில் கெட்டிக்காரர். ஒரு மகன், ரெண்டு மகள்கள். மூத்தவர் ஜில்பெர்த், இளையவர் ஜாக்லீன். 1631-ல் குடும்பம் பாரிஸுக்குக் குடிபெயர்ந்தது. மகனைப் பள்ளிக்கு அனுப்பவில்லை, அப்பாவே வீட்டில் பாடம் எடுத்தார்.

அதில் ஒரு வினோதமான விதி. முதலில் மொழிகள், கணக்கு அப்புறம்தான். கணக்குப் புத்தகங்கள் பையன் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டார். தடை போட்டால் ஆர்வம் கூடத்தானே செய்யும்? 12 வயதில் பாஸ்கல் கரித்துண்டால் தரையில் படம் போட்டு, முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் இரண்டு செங்கோணம் என்று தானாகவே கண்டுபிடித்தார் என அக்கா ஜில்பெர்த் பிற்காலத்தில் எழுதினார். அக்கா எழுதிய வாழ்க்கை வரலாறு என்பதால் கொஞ்சம் பாசம் கலந்திருக்கலாம். ஆனால் 16 வயதில் அவர் கூம்பு வெட்டுகள் பற்றி எழுதிய கட்டுரை நிஜம். அதைப் பார்த்து பாரிஸின் கணித வட்டாரமே அசந்துபோனது.

அப்பாவுக்கு ரூவான் நகரத்தில் வரி வசூல் பொறுப்பு கிடைத்தது. ராத்திரி முழுக்கக் கூட்டல் கழித்தல். அதைப் பார்த்த மகன் 1642-ல், 19 வயதில், பற்சக்கரங்களால் கூட்டிக் கழிக்கும் ஒரு பெட்டியை வடிவமைக்கத் தொடங்கினார். சுமார் 50 மாதிரிகள் செய்து பார்த்தார். இன்று கால்குலேட்டரின் வரலாறு பேசும் எல்லோரும் இந்தப் பாஸ்கலினைத் தொட்டுத்தான் போவார்கள். நாம் அங்கே நிற்கப்போவதில்லை.

1646: பனியில் ஒரு சறுக்கல்

அந்த வருடம் ஜனவரியில் அப்பா ரூவானில் பனியில் சறுக்கி விழுந்து இடுப்பில் பலத்த காயம். வைத்தியம் பார்க்க வந்த இருவர் வீட்டிலேயே தங்கினார்கள். அவர்கள் ஜான்செனிஸ்ட் என்ற கடுமையான கத்தோலிக்கப் பிரிவின் ஆதரவாளர்கள். உடம்பைச் சரிசெய்ய வந்தவர்கள் குடும்பத்தின் மனசையே மாற்றிவிட்டுப் போனார்கள். இது பின்னால் பெரிதாக வரும்.

அதே வருடம் அக்டோபரில் இன்னொரு விருந்தாளி. பியேர் பெத்தி என்ற பொறியாளர், இத்தாலியில் நடந்த ஒரு சோதனையைப் பற்றிச் சொன்னார். 1644-ல் டாரிசெல்லி விவரித்த சோதனை அது. ஒருபக்கம் மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, விரலால் அடைத்து, பாதரசக் கிண்ணத்தில் தலைகீழாக நிறுத்தி விரலை எடுத்தால், பாதரசம் முழுக்க இறங்காது. சுமார் 76 செ.மீ. உயரத்தில் நின்றுவிடும். மேலே காலி இடம்.

அந்தக் காலி இடத்தில் என்ன இருக்கிறது? பாதரசத்தைத் தூக்கிப் பிடிப்பது எது? இந்த ரெண்டு கேள்விகள்தான் அன்றைய ஐரோப்பாவின் பெரிய சண்டை. இயற்கைக்கு வெற்றிடம் பிடிக்காது, அதனால்தான் திரவம் மேலே ஏறுகிறது என்பது இரண்டாயிரம் வருடப் பழைய பதில். காற்றுக்கு எடை உண்டு, அது வெளியிலிருந்து கிண்ணத்தை அழுத்துகிறது என்றார் டாரிசெல்லி. நம்பியவர்கள் குறைவு.

ரூவானில் நல்ல கண்ணாடித் தொழிற்சாலை இருந்தது பாஸ்கலுக்கு அதிர்ஷ்டம். 46 அடி நீளக் குழாய்களைச் செய்யச் சொல்லி, கப்பல் பாய்மரத்தில் கட்டி, ஊர் மக்கள் முன்னால் நிமிர்த்தினார். ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் ஒயின். மேலே இருப்பது காலி இடமில்லை, திரவத்திலிருந்து கிளம்பும் ஆவி என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. அப்படியென்றால் அதிகம் ஆவியாகும் ஒயின்தானே கீழே இறங்க வேண்டும்? நடந்தது உல்டா. ஒயின் தண்ணீரைவிட உயரத்தில் நின்றது. காரணம் எளிது: ஒயின் தண்ணீரைவிட லேசு. அதே அழுத்தத்தைச் சமாளிக்கக் கூடுதல் உயரம் தேவை.

ஒரு மைத்துனர் மலை ஏறுகிறார்

1647-ல் உடம்பு மோசமாகி, பாஸ்கல் சிகிச்சைக்காகப் பாரிஸ் வந்தார். தலைவலி, வயிற்றுவலி, நடக்கவே சிரமம். அந்த செப்டம்பரில் தத்துவ மேதை தெகார்த் நேரில் பார்க்க வந்தார். வெற்றிடம் என்று ஒன்று இருக்கவே முடியாது என்பது தெகார்த்தின் கட்சி. பிறகு ஒரு கடிதத்தில், இந்தப் பையனின் தலைக்குள்தான் வெற்றிடம் அதிகம் என்கிற அளவுக்குக் கிண்டலடித்தார்.

பாஸ்கல் யோசித்தது ஒரே ஒரு விஷயம். பாதரசத்தைத் தாங்குவது வெளிக்காற்றின் எடை என்றால், மலை உச்சிக்குப் போனால் தலைக்கு மேலே காற்று குறைவு. அங்கே பாதரசம் தாழ்ந்து நிற்க வேண்டும். இயற்கைக்கு வெற்றிடம் பிடிக்காது என்ற வாதம் சரியென்றால், அந்த வெறுப்பு அடிவாரத்திலும் உச்சியிலும் ஒரே மாதிரிதானே இருக்கும்?

பாரிஸில் மலை கிடையாது. ஏறும் உடம்பும் அவருக்கு இல்லை. சொந்த ஊர் க்ளெர்மோனுக்குப் பக்கத்தில் புய் தெ தோம் என்ற 1,465 மீட்டர் உயர அணைந்த எரிமலை இருந்தது. அந்த ஊரில்தான் அக்கா ஜில்பெர்த்தின் கணவர் ஃப்ளோரான் பெரியே வசித்தார். 1647 நவம்பரில் அத்தானுக்குக் கடிதம் போனது. வேலை, பனி, மேகம் என்று பத்து மாதம் இழுத்தது. கடைசியில் 1648 செப்டம்பர் 19, சனிக்கிழமை, பெரியே கிளம்பினார். கூடவே பாதிரியார்கள், ஒரு மருத்துவர், அரசு அதிகாரிகள். சாட்சிகள் வேண்டுமில்லையா!

ஊரில் இருந்த மடத்தின் தோட்டத்தில் முதல் அளவு: இன்றைய கணக்கில் 71 செ.மீ.க்குச் சற்று மேல். ஒரு குழாயை அங்கேயே விட்டுவிட்டு, நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கும்படி ஒரு துறவியிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த ஆள் அவர்தான். மலையும் ஏறாமல், பேரும் வாங்காமல், அசையாத பாதரசத்தைச் சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இல்லையென்றால், அன்றைக்கு வானிலை மாறியிருக்கும் என்று சொல்லி யாராவது முடிவையே தள்ளியிருப்பார்கள்.

உச்சியில் பாதரசம் 63 செ.மீ.க்கும் கீழே இறங்கியிருந்தது. சுமார் எட்டரை செ.மீ. வித்தியாசம். நம்பமுடியாமல் ஐந்து முறை செய்து பார்த்தார்கள். சின்னக் கோயிலுக்குள், வெளியே, காற்றில், மூடுபனியில். எல்லா முறையும் அதே அளவு. இறங்கும் வழியில் பாதி உயரத்தில் பார்த்தால், பாதரசமும் நடுவில் நின்றது. தோட்டத்துக் குழாயில் துளி மாற்றமில்லை.

செய்தி கிடைத்ததும் பாஸ்கல் பாரிஸில் சேன் ஜாக் தேவாலயக் கோபுரத்தில் சின்ன அளவில் செய்து பார்த்தார். அங்கும் சரியாக வந்தது. ஐடியா என்னோடது என்று தெகார்த் பிறகு உரிமை கொண்டாடியது தனிப் பஞ்சாயத்து.

புயல் நேரத்தில் வானிலை மைய அறிக்கைகளில் ஹெக்டோ பாஸ்கல் என்று ஒரு வார்த்தை வருமே, அதன் வேர் இந்த மலையில்தான் இருக்கிறது.

100 பவுண்டும் ஓர் அவுன்ஸும்

காற்றுக்கு எடை உண்டு என்பது பாதிக் கதைதான். அடுத்த கேள்விதான் நம் போல்ட்டுக்கு முக்கியம். எடை எப்படி அழுத்தமாக மாறுகிறது?

1650-களின் தொடக்கத்தில் பாஸ்கல் திரவங்களின் சமநிலை பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அதில் வரும் ஒரு சோதனையை நிதானமாகப் பாருங்கள்.

ரெண்டு பாத்திரங்கள். ஒன்று அகலமானது. இன்னொன்று அடியில் மட்டும் அகலம், மேலே ஸ்ட்ரா மாதிரி ஒல்லிக் குழாய். ரெண்டின் அடியிலும் ஒரே அளவுத் துளை, அதில் நகரக்கூடிய ஒரு அடைப்பு. ரெண்டிலும் ஒரே உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம். அகலப் பாத்திரத்தில் 100 பவுண்ட் தண்ணீர் பிடிக்கும். ஒல்லியானதில் ஓர் அவுன்ஸ்தான். அடைப்பு கீழே விழாமல் பிடிக்க எவ்வளவு பலம் வேண்டும்?

ரெண்டுக்கும் ஒரே பலம்! பாஸ்கல் தந்த உதாரணத்தில் ரெண்டுக்குமே 100 பவுண்ட். ஓர் அவுன்ஸ் தண்ணீர் 100 பவுண்ட் பலத்தோடு அழுத்துகிறது.

இதற்கு மேல் ஒரு ட்விஸ்ட் வைத்தார். ஒல்லிப் பாத்திரத்தில் இருக்கும் தண்ணீர் உறைந்து பனிக்கட்டி ஆகிவிட்டால்? அப்போது அடைப்பைப் பிடிக்க ஓர் அவுன்ஸ் போதும். பக்கத்தில் நெருப்பு வைத்து உருக்கினால், மறுபடி 100 பவுண்ட் வேண்டும். அதே தண்ணீர், அதே எடை. எடை துளிகூட மாறவில்லை, மாறியது அழுத்தம் மட்டும்தான். திடப்பொருள் தன் எடையை நேராகக் கீழே இறக்குகிறது. திரவம் எல்லாப் பக்கமும் தள்ளுகிறது. எவ்வளவு தள்ளும் என்பதைத் தீர்மானிப்பது அதன் உயரம், மொத்த எடை அல்ல.

புரிய கஷ்டமா இருக்கா? கிச்சனுக்குப் போவோம். நம்ம ஊர் பிரஷர் குக்கரில் விசில் வரும்போது உள்ளே வெளிக்காற்றைவிட ஒரு சதுர செ.மீ.க்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தம் கூடுதல். மேலே மாட்டும் வெயிட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள், ஒரு கிலோவா இருக்கு? நீராவி வரும் துளை 3 மி.மீ. விட்டம் என்று வைத்தால், பரப்பு வெறும் 0.07 சதுர செ.மீ. அதனால் 70 கிராம் வெயிட் போதும். ஆனால் அதே அழுத்தம் 20 செ.மீ. அகல மூடியின் மேல் வேலை செய்யும்போது 300 கிலோவைத் தாண்டும். அழுத்தம் ஒன்றுதான், பரப்புதான் வேறு. ஆறுவதற்கு முன்னால் குக்கரைத் திறக்காதே என்று அம்மா ஏன் கத்துகிறார் என்று இப்போது புரிந்திருக்கும்.

கையில் இருக்கும் போனையும் பாருங்கள். காற்றின் அழுத்தமும் சதுர செ.மீ.க்குச் சுமார் ஒரு கிலோதான். 7 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம் உள்ள ஸ்க்ரீன் மேல் 100 கிலோவுக்கு மேல் காற்று அழுத்திக்கொண்டிருக்கிறது. பின்பக்கமும் அதே அளவு தள்ளுவதால் போன் நசுங்கவில்லை.

சரி, இப்போது போல்ட்டுக்கு வருவோம்

பாஸ்கல் போல்ட் எதையும் ஆராயவில்லை, இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் பலத்தைப் பரப்பால் வகுத்துப் பார்க்கும் அதே பார்வைதான் இரும்புக்கும். திரவத்தில் அதை அழுத்தம் என்கிறோம். இரும்புக்குள் ஒரே திசையில் இழுக்கும்போது தகைவு என்கிறார்கள் பொறியாளர்கள். பெயர் வேறு, அலகு ஒன்றே: பாஸ்கல். ஒரு சதுர மீட்டரில் ஒரு நியூட்டன் பலம். ரொம்பச் சின்ன அளவு. அதனால் பத்து லட்சம் பாஸ்கலைச் சேர்த்து ஒரு மெகா பாஸ்கல். ஒரு சதுர மி.மீ.க்கு ஒரு நியூட்டன், அதாவது சுமார் 100 கிராம் எடையின் இழுப்பு.

8.8-ல் முதல் 8-ஐ 100-ஆல் பெருக்குங்கள். 800 மெகா பாஸ்கல். குறைந்தது அவ்வளவு தகைவு வரும்வரை அந்த இரும்பு அறுந்துபோகாது. புள்ளிக்குப் பின்னால் உள்ள 8 என்பது 80 சதவீதம். அதாவது 640 மெகா பாஸ்கலில் போல்ட் நிரந்தரமாக நீள ஆரம்பித்துவிடும். சுமையை எடுத்தாலும் பழைய நீளத்துக்கு வராது. 4.6 என்றால் அறுவது 400-ல், நீள்வது அதில் 60 சதவீதமான 240-ல்.

இவை இரும்பின் தரம் மட்டுமே. எத்தனை டன் என்று தெரிய, பரப்பால் பெருக்கணும். மரை வெட்டியதால் மெலிந்த இடத்தின் பரப்பைத்தான் எடுக்க வேண்டும். 10 மி.மீ. போல்ட்டுக்கு அது 58 சதுர மி.மீ., 16 மி.மீ.க்கு 157.

கடை அண்ணன் காட்டிய ரெண்டையும் கணக்குப் போட்டேன். ஒல்லியான 8.8 நீள ஆரம்பிப்பது சுமார் 3.8 டன்னில், அறுவது 4.7 டன்னில். தடியான 4.6 நீள ஆரம்பிப்பதும் கிட்டத்தட்ட அதே 3.8 டன்னில்தான். அறுவது 6.4 டன்னில். எண்ணில் பாதியாகத் தெரிந்த போல்ட், சுமையில் குறைந்தது இல்லை. ஓர் அவுன்ஸும் 100 பவுண்டும் மாதிரியே இங்கேயும் எண் ஒரு கதை சொல்கிறது, பரப்பு இன்னொரு கதை சொல்கிறது.

இதெல்லாம் நேராக இழுக்கும்போது. பக்கவாட்டில் வெட்டுகிற மாதிரி சுமை வந்தால் போல்ட் இதைவிடக் குறைவாகத்தான் தாங்கும். ஊஞ்சல் மாதிரி திரும்பத் திரும்ப ஆடும் சுமை இன்னும் மோசம். துரு வேறு இருக்கிறது. அதனால்தான் பொறியாளர்கள் இந்த எண்ணிக்கையில் ஒரு சிறு பங்கைத்தான் பயன்படுத்துவார்கள். எவர்சில்வர் போல்ட்டில் ஏ2-70 என்று இருக்கும். அங்கே 70-ஐப் பத்தால் பெருக்கினால் 700 மெகா பாஸ்கல். நட்டுக்கும் தரம் உண்டு: 8.8 போல்ட்டுக்கு 8 என்று போட்ட நட். தலையில் எந்த எண்ணும் இல்லையா? அதை நம்பி ஆள் உட்காரும் எதையும் தொங்கவிடாதீர்கள்.

கோட்டில் தைத்த காகிதம்

1651-ல் அப்பா இறந்தார். தங்கை ஜாக்லீன், அண்ணன் தடுத்தும் கேட்காமல், அடுத்த ஜனவரியில் போர் ரோயால் மடத்தில் துறவியாகச் சேர்ந்தார். அன்று பனியில் சறுக்கியதின் விளைவு அது. வீட்டில் பாஸ்கல் மட்டும் மிச்சம்.

1654-ல் ஃபெர்மா என்ற கணிதவியலாளரோடு கடிதம் மூலமே, பாதியில் நின்ற சூதாட்டத்தில் பணத்தை எப்படிப் பிரிப்பது என்ற புதிரைத் தீர்த்தார். இன்றைய நிகழ்தகவின் ஆரம்பங்களில் ஒன்று அது. அதே வருடம் நவம்பர் 23 இரவு, பத்தரை மணியிலிருந்து நள்ளிரவு தாண்டும் வரை, அவருக்கு ஓர் ஆழமான ஆன்மிக அனுபவம். அதை ஒரு தாளில் எழுதி, கோட்டின் உள்துணியில் வைத்துத் தைத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. அவர் இறந்த பிறகு வேலைக்காரர் தற்செயலாகத் தொட்டுப் பார்த்தபோதுதான் வெளியே வந்தது.

அப்போது அவருக்கு வயது 31. அறிவியலை முழுசாக விடவில்லை என்றாலும் மனசு அங்கே இல்லை. திரவப் புத்தகம் அச்சாகாமல் கிடந்தது. காற்று மண்டலம் முழுவதன் எடையை அவர் கணக்கிட்டுச் சொன்ன பகுதியும் அப்படியே. எட்டுக்குப் பின்னால் 18 இலக்கம் வரும் பவுண்ட். இன்றைய கணக்கில் ஐந்தில் நான்கு பங்குக்கு அருகில் வருகிறது. ஒரு கண்ணாடிக் குழாயை வைத்துக்கொண்டு!

கடைசி வருடத்தில் அவர் செய்த ஒரு காரியம் பலருக்குத் தெரியாது. 1662 மார்ச் 18-ல் பாரிஸில் குறிப்பிட்ட வழித்தடம், குறிப்பிட்ட நேரம், ஆளுக்கு ஐந்து சோல் கட்டணம் என்று குதிரை வண்டிகள் ஓட ஆரம்பித்தன. நண்பரான ரோவானெஸ் பிரபுவோடு சேர்ந்து அவர் தொடங்கிய நிறுவனம் அது. நகரப் பேருந்துகளின் முன்னோடி என்று சொல்லலாம்.

அந்தக் கோடையில் அவர் தன் வீட்டில் தங்கவைத்திருந்த ஏழைக் குடும்பத்தின் குழந்தைக்கு அம்மை கண்டது. அவர்களை வெளியேற்றாமல், தானே கிளம்பி அக்கா வீட்டுக்குப் போனார் என்று ஜில்பெர்த் எழுதுகிறார். அங்கேயே 1662 ஆகஸ்ட் 19 அன்று இறந்தார். தங்கை ஜாக்லீன் முந்தைய வருடமே போயிருந்தார்.

அடுத்த வருடம் திரவப் புத்தகம் வெளிவந்தது. வெளியிட்டவர் மலை ஏறிய அதே அத்தான் பெரியே. அதில் பாஸ்கல் ஒரு இயந்திரத்தையும் விவரித்திருந்தார்: தண்ணீர் நிறைந்த பெட்டியில் ரெண்டு திறப்பு, ஒன்று மற்றதைவிட நூறு மடங்கு பெரிது. சின்னதை ஒருவர் தள்ளினால், பெரியதை நூறு பேர் தள்ளுவதற்குச் சமம். ஆனால் பெரியது நூறில் ஒரு பங்கு தூரம்தான் நகரும். இங்கிலாந்தில் ஜோசப் பிராமா 1795-ல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கும் வரை அது பெரும்பாலும் காகிதத்தில்தான் இருந்தது.

அழுத்தத்தின் அலகுக்குப் பாஸ்கல் என்ற பெயர் 1971-ல் எடைகள், அளவைகளுக்கான சர்வதேச மாநாட்டில் முடிவானது. இன்ஜினீயரிங் படித்தவர்களுக்கு லேபில் இருந்த யுடிஎம் மெஷின் ஞாபகம் இருக்கும். போல்ட்டை ரெண்டு பக்கமும் பிடித்து, அறும்வரை இழுத்து, அதன் தரத்தைச் சோதிக்கும் மெஷின். அதில் பல இன்றும் எண்ணெய் அழுத்தத்தில்தான் இயங்குகின்றன. சின்ன பிஸ்டன், பெரிய பிஸ்டன், நூறு பேர் கணக்கு.

ஊஞ்சலுக்கு நான் வாங்கியது 16 மி.மீ., 8.8. கணக்குப்படி தேவைக்கு ரொம்ப அதிகம். ஆனால் மேலே இருக்கும் கான்கிரீட்டின் தலையில் எந்த எண்ணும் பொறித்திருக்கவில்லை, அதனால் ஒரு மேஸ்திரியை வரச்சொல்லியிருக்கிறேன்.